பீரோவும் பிட்-பெர்ஃபெக்டும்

தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒருவர் நிச்சயம் இருக்கிறார். நம் வசதிக்கு அவரை ஒலிச்சித்தர் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டியவர். எண்பதுகளில் கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, பதிவு செய்து வாங்கி, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தாலும் ஆனந்தமாகக் கேட்டவர்தான். கம்ப்யூட்டர் வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தது.

"அங்க இல்ல சார், இங்க உக்காருங்க." அவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போனால் இதுதான் வரவேற்பு. நாற்காலிக்குத் தரையில் சாக்பீஸ் குறி உண்டு. ஜன்னல் சாத்தப்படும். ஃபேன் நிற்கும். மே மாதம், சென்னை.

பிறகு பாடம் தொடங்கும். சிடியில் நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள். விண்டோஸ் எல்லாச் சத்தத்தையும் ஒரே மிக்ஸரில் கலப்பதால், அங்கே 48,000 என்று வைத்திருந்தால் பாட்டையும் அதற்கேற்ப மாற்றித்தான் அனுப்பும். "வழியிலயே கை வெச்சுடறான் சார்!" இதில் பொய்யில்லை. அதற்காகவே அவர் ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் என்ற முறையைப் போட்டிருக்கிறார். மிக்ஸரை ஒதுக்கிவிட்டு, கோப்பில் உள்ள எண்கள் அப்படியே, எண்களை ஒலியாக்கும் டாக் என்கிற பெட்டிக்குப் போகும். இதற்குப் பெயர் பிட்-பெர்ஃபெக்ட்.

எக்ஸ்க்ளூசிவ் என்றால் வேறு எந்த மென்பொருளுக்கும் அந்தப் பெட்டியில் இடமில்லை. அதே கம்ப்யூட்டரில் டல்லாஸிலிருந்து மகள் கூப்பிடும்போது வாய் மட்டும் அசையும். "என்னடி சொல்ற? ஒண்ணும் கேக்கல!" என்று மனைவி கத்துவார். சித்தர் அசைய மாட்டார். வயலின் வரப்போகிறது.

அடுத்தது 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு. சுருக்காமல் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 69 எம்பி. அதில் 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி அடங்கும். மனிதக் காது நல்ல இளமையிலேயே 20-ஐத் தாண்டாது. இவர் வயதில் அதுவும் குறைந்திருக்கும். மிச்சமெல்லாம் வீட்டில் வௌவால் இருந்தால் அதற்கு. இத்தனை இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன தெரியுமா? அதே பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டு. நாடாவின் இரைச்சலை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் கேட்க முடியாது.

முப்பது நொடி ஓடும். "தபேலா கேட்டீங்களா?" நிறுத்திவிடுவார். மென்பொருளை மாற்றி அதே முப்பது நொடி. "இதுல குரல் ஒரு அடி முன்னாடி வருது பாருங்க." இரண்டும் பிட்-பெர்ஃபெக்டாக இருந்தால் பெட்டிக்குப் போவது ஒரே எண்கள்தான், குரல் எப்படி நகர்ந்தது என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம். எது எதுவென்று தெரியாமல் கேட்டுச் சொல்ல வைக்கும் ஏபிஎக்ஸ் சோதனை ஃபூபாருக்கே கூடுதல் இணைப்பாகக் கிடைக்கிறது, இலவசமாக. அந்தப் பேச்சை எடுத்தால், "ரசனைக்குப் பரீட்சையா சார்?" என்று காபி கொண்டுவரச் சொல்லிவிடுவார்.

அறையில் நிஜமாகவே காதில் விழும் கோளாறு ஒன்றுண்டு. இடது ஸ்பீக்கர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மூலையில் செருகப்பட்டிருக்கிறது. மூலை பேஸை ஊதிப் பெருக்கும். மிருதங்கம் வந்தால் பீரோவுக்குள் பட்டுப்புடவைகளே அதிரும். பீரோ மனைவியுடையது, அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தர் இருந்தால், அவர் அடுத்த மென்பொருளுக்குக் காசு கட்டும் முன் ஆளுக்கொரு கை போட்டு அந்த பீரோவை நகர்த்திக் கொடுங்கள்.