நூலகரிடம் கேட்டீர்களா?

கேள்வி: கையில் கூகுள் இருக்கிறது, ஏ.ஐ.யும் வந்துவிட்டது. பல்கலைக்கழக நூலகத்துக்கு இனி எதற்குப் போக வேண்டும்?
– முதுகலை மாணவர், திருச்சி

பதில்: கால் வலிக்கப் போக வேண்டாம், லாகின் வாங்கிக்கொண்டால் போதும். கூகுள் உங்களை ஓர் ஆய்விதழ்க் கட்டுரையின் வாசல்வரை கூட்டிப்போகும். வாசலில் டாலரில் கட்டணம் கேட்பார்கள். அங்கே உங்களுக்காகப் பணம் கட்டுவதுதான் இன்றைய நூலகத்தின் முதல் வேலை. அரசு நிறுவனங்களுக்காக அந்தச் சந்தாவை மொத்தமாகக் கட்ட, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். இவ்வளவு செலவழித்து வைத்த பந்தியில் உட்காராமல், எதிர்க்கடையில் இலவச மிக்சர் கொறிப்பது உங்கள் விருப்பம். ஏ.ஐ.? சுருக்கம் எழுதச் சொல்லுங்கள், எழுதும். மேற்கோள் பட்டியல் கேட்டால், பிறக்காத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுத் தந்துவிடும்; ஜாதகம் ஒன்றுதான் பாக்கி. நெறியாளர் அதைத் தேடிப் பார்க்கும் நாளில் நீங்கள் ஊரில் இல்லாமலிருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் நூலகத்தில் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. கைடு படிக்கிறார்கள், மீதிப் பேர் ஏ.சி.யில் தூங்குகிறார்கள். நூலகரோ புத்தகத்துக்குக் காவல் இருக்கிறார். இதைப் போய் நவீன நூலகம் என்கிறார்களே!
– ஆய்வு மாணவி, மதுரை

பதில்: வீட்டில் படிக்க இடமில்லாதவருக்கு மேசையும் விளக்கும் தருவதும் நூலகத்தின் வேலைதான். தூங்குகிறவர்களை விட்டுவிடுங்கள், வகுப்பிலும் அதைத்தான் செய்கிறார்கள். காவல்காரப் புகார் நியாயமானது. பூட்டிய கண்ணாடி அலமாரிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அது இந்தத் தொழிலின் மரபல்ல. சீர்காழிக்காரரான கணிதப் பேராசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கட்டடம், கம்ப்யூட்டர், ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை எல்லாவற்றையும் அந்த ஒரு விதியை வைத்தே நான் எடைபோடுவேன். அப்படிப் பார்த்தால் நூலகத்திலேயே விலையுயர்ந்த வசதி நூலகர்தான். அதிகம் வீணாவதும் அவர்தான். தஞ்சை நில உடைமை பற்றி ஆய்வு செய்கிறீர்கள் என்று வையுங்கள். இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் 'தஞ்சாவூர்' என்று தேடினால், 'டாஞ்சோர்' என்று எழுதிவைத்த பழைய ஆவணங்கள் கண்ணில் படாது. விவரமறிந்த நூலகர் இரண்டையும் போட்டுத் தேடச் சொல்வார். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் கிடக்கும் 'சோத்கங்கா'வைத் திறந்து காட்டுவார். அங்கே ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். முன்னுரையை விட்டுவிட்டுக் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள் என்பார். உங்களுக்கு முன்னால் ஒருவர் பல ஆண்டு அலைந்து சேர்த்த பட்டியல் அது. 'எல்லா நூலகரும் இப்படியா?' என்பீர்கள். இல்லைதான். ஆள் பற்றாக்குறையில் முத்திரை குத்தவே நேரம் போதாதவர்கள் உண்டு. அதற்காகக் கேள்வியே கேட்காமல் இருந்தால், 'யாரும் வந்து கேட்பதில்லை, எதற்கு ஆள்?' என்று நிர்வாகம் அந்த நாற்காலியையும் எடுத்துவிடும்.

கேள்வி: நான் படிப்பது தனியார் கல்லூரி. அந்த 6,000 கோடியில் எனக்கு என்ன?
– இளங்கலை மாணவர், கோவை

பதில்: முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான் சந்தா. வரி கட்டுவதில் மட்டும் பாகுபாடு இல்லாத நாட்டில் இது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் சோத்கங்காவுக்கு லாகின் வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கல்லூரி எதற்கெல்லாம் சந்தா கட்டியிருக்கிறது, வேறு நூலகத்திலிருந்து புத்தகம் வரவழைத்துத் தருவார்களா என்ற இரண்டையும் நாளைக்கே உங்கள் நூலகரிடம் கேளுங்கள். மதிய இடைவேளையில் போகாதீர்கள், அவருக்கும் பசிக்கும்.