அநாமதேயருக்கு ஒரு பக்கம் அமைப்புகள்

அநாமதேய வலையமைப்பான ஐ2பி-யின் ரவுட்டர் மென்பொருளை நிறுவி 7657 போர்ட்டில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததும் பலருக்குள் ஓர் உளவாளி கண்விழிக்கிறார். தகவல் போகும் ஒவ்வொரு சுரங்கத்திலும் இயல்பாகவே மூன்று இடைக்கணினிகள் உண்டு. பத்து நிமிடத்துக்கொரு முறை சுரங்கமே மாறிவிடும். நம்மவருக்கு அது போதாது. இடைக்கணினிகளைக் கூட்டுகிறார், பிறகு வேகம் இல்லையே என்று புலம்புகிறார். அடுத்து, ஊரார் போக்குவரத்தைச் சுமக்க ஒதுக்கிய பங்கைக் கிள்ளிக் குறைக்கிறார். அந்தப் போக்குவரத்துதான் அவருக்குப் போர்வை. பிறர் தகவலும் தன் தகவலும் கலந்து ஓடினால்தானே எது யாருடையது என்று தெரியாமல் போகும்? கூட்டம் வேண்டாம், ஆனால் கூட்டத்தில் ஒளிய வேண்டும் என்கிறார்.

முன்பின் தெரியாதவனின் குற்றத்துக்கு நான் ஏன் கூலியாள் ஆக வேண்டும் என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கடத்துவது பல அடுக்காகக் குறியாக்கம் செய்த பொட்டலம். பொது இணையத்துக்கு வெளியேறும் வாசலாகவும் அவர் கணினி தானாக மாறுவதில்லை. கெடுபிடி மிகுந்த நாட்டில் இருப்பவர் என்ன செய்வார் என்று கேட்டால், அவருக்காகப் பிறர் போக்குவரத்தைச் சுமக்காத மறைவு முறையை மென்பொருளே இயக்கிவிடுகிறது. அந்த நாடுகளுக்கு வெளியே, சாய்வு நாற்காலியில் இருந்தபடி அதே முறையை வீம்புக்கு இயக்குபவர்தான் புரியாத புதிர். இத்தனைக்கும் பயனர் கட்டாயம் திருத்த வேண்டிய ஒன்று அங்கே உண்டு: மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும் அலைவரிசை அளவு. அதை மட்டும் அவர் தொடுவதே இல்லை.