முதல் ராங்க் பிள்ளை ரூம் பார்க்கிறது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வகைப் பிள்ளை உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த காலம் முழுக்க, இரண்டாவது ராங்க் என்பது அடுத்தவருக்கு மட்டும் வருகிற வியாதி என்று நம்பி வளர்ந்த பிள்ளை. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, அதிலும் சிறந்த மாணவர்களுக்கான ஹானர்ஸ் படிப்பு கிடைத்து, வீட்டில் கேக்கும் வெட்டியாகிவிட்டது. வேறு பிள்ளையாக இருந்தால் கோடை விடுமுறையில் நிம்மதியாகத் தூங்கும். இது தூங்காது. இன்னும் ஒரு பரீட்சை பாக்கியிருக்கிறது: எந்த விடுதியில் தங்குவது?

பாடத்திட்டம் இல்லாத பரீட்சை. ஆகவே பாடத்திட்டத்தைப் பிள்ளையே தயாரிக்கும். எக்செல் கோப்பு ஒன்று பிறக்கும். இடப்பக்கம் விடுதிகளின் பெயர்கள். மேலே குளியலறை, லிஃப்ட், சலவை இயந்திரம், சாப்பாட்டுக்கூடத்துக்கு எத்தனை நிமிட நடை, வகுப்புக்கு எத்தனை நிமிட நடை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். இத்தனை நாள் மார்க் வாங்கியே பழகிய பிள்ளைக்கு மார்க் போடும் அதிகாரம் கிடைத்திருக்கிறது. விடுமா? எல்லா விடுதிகளையும் ஃபெயில் ஆக்கிவிடும்.

லிட்டில்ஃபீல்ட் விடுதி 1927இல் திறக்கப்பட்டது. வளாகத்திலேயே மூத்த விடுதி. ‘பாரம்பரியம்’ என்று ஒரு மார்க் கூட்டி, ‘பழைய குழாய்’ என்று இரண்டு மார்க் குறைக்கும். ஜெஸ்டர் 1969இல் திறந்தது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் தங்கும் பெருங்கட்டடம், சாப்பாட்டுக்கூடமும் உள்ளேயே. மழையில் நனையாமல் சாப்பிடலாம் என்பது லாபம். மூவாயிரம் பேரில் எத்தனை பேர் ராத்திரி பாட்டுப் போடுவார்கள் என்ற கணக்குக்கு மட்டும் எக்செல்லில் சூத்திரம் கிடைக்காது. பட்டியலில் அடுத்தது ஆண்ட்ரூஸ், பிளாண்டன், கரோதர்ஸ் ஆகிய விடுதிகள் கூடிய ‘ஹானர்ஸ் குவாட்’. பெயரிலேயே ஹானர்ஸ் இருக்கிறது. அப்புறம் என்ன யோசனை என்று அப்பா கேட்பார். அங்கேதான் இருக்கிறது யோசனை.

காரணம், ஒரு சட்டம். 1997இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஓர் ஏற்பாடு செய்தது: மாநிலத்தின் எந்த மூலையில் இருக்கும் பள்ளியானாலும் சரி, தன் வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்த பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக இடம். ஆஸ்டினுக்கு வந்த கூட்டம் தாங்காமல், அந்த வளாகத்துக்கு மட்டும் வரம்பைப் பிறகு இன்னும் இறுக்கினார்கள். ஆகவே ஜெஸ்டரில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் யாரைத் தொட்டாலும், ஏதோ ஓர் ஊர்ப் பத்திரிகையில் படத்தோடு பேர் வந்த பிள்ளையாகத்தான் இருக்கும்.

சரி, அதற்கும் மேலே போய்விடலாம் என்று ஹானர்ஸ் குவாடைப் பார்த்தால், அங்கே இன்னும் மோசம். 1935இல் தொடங்கிய ‘பிளான் டூ’ என்ற படிப்பின் ஆட்கள் ஒரு பக்கம். கணினி படிக்கும் ‘டூரிங் ஸ்காலர்ஸ்’ ஒரு பக்கம். அறிவியல்காரர்களான ‘டீன்ஸ் ஸ்காலர்ஸ்’ ஒரு பக்கம். பல் தேய்க்க வந்த இடத்தில்கூட யாராவது ஒருவர் தேற்றம் பேசிக்கொண்டிருப்பார். பிள்ளையின் மனசுக்குள் ஓடுகிற, எக்செல்லில் ஏறாத கணக்கு இதுதான்: ஜெஸ்டருக்குப் போனால் நான் ஹானர்ஸ் என்பது யாருக்கும் தெரியாது; குவாடுக்குப் போனால் அதை யாரும் சட்டை செய்யமாட்டார்கள்.

இதைப் பிள்ளை வெளியே சொல்லாது. “சலவை இயந்திரம்தான்பா பிரச்சினை” என்று சொல்லும்.

அடுத்தது ரூம்மேட் படலம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல இது. எத்தனை மணிக்குத் தூங்குவாய், அறையை எவ்வளவு சுத்தமாக வைத்திருப்பாய், நண்பர்கள் வருவார்களா என்றெல்லாம் கேள்விகள். கேள்வி என்று ஒன்றைக் கண்டாலே, கேட்டவர் எதிர்பார்க்கும் விடை எது என்று பார்ப்பது பிள்ளையின் ரத்தத்தில் ஊறியது. தூங்குவது ராத்திரி இரண்டு மணிக்கு, எழுதுவது பத்தரை. மேசை மீது மூன்று நாள் பழைய பீட்சா டப்பா. எழுதுவது ‘மிகவும் சுத்தம்’. மாநிலத்தின் இன்னொரு கோடியில் இன்னொரு ஹானர்ஸ் பிள்ளையும் அதே பத்தரை, அதே ‘மிகவும் சுத்தம்’ என்று எழுதியிருக்கும். பொருத்தம் அமோகம்! ஆகஸ்ட் மாதக் கடைசியில் இரண்டும் ஒரே அறையில் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, ‘இப்படியா ஒரு பிள்ளை பொய் எழுதும்?’ என்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் நடுவே யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க விடுதிக் கட்டில்கள் பெரும்பாலும் ‘ட்வின் எக்ஸ்எல்’ அளவு. நீளம் 80 அங்குலம். வீட்டில் இருக்கும் சாதாரண ஒற்றைக் கட்டில் 75. அம்மா ஆசையாக மடித்துக் கொடுத்த விரிப்பு அந்த ஐந்து அங்குலத்தில் தோற்றுப்போய், முதல் ராத்திரியே காலடியில் சுருண்டு கிடக்கும். எக்செல்லில் நாற்பது பத்தி இருந்தது. மெத்தைக்கு ஒரு பத்தி இல்லை.

கடைசியில் குவாடில்தான் இடம் கிடைக்கும். விருப்பத்தை வரிசைப்படுத்தத்தான் பிள்ளைக்கு உரிமை. அறையைக் கொடுப்பது பல்கலைக்கழகம். பிள்ளை தேர்ந்தெடுத்த மாடி வேறு, கிடைத்த மாடி வேறு. முதல் கணிதத் தேர்வில் 61 மார்க் வரும். பிறந்ததிலிருந்து பார்த்திராத எண். கதவைச் சாத்திக்கொண்டு அழலாம் என்று பார்த்தால், ரூம்மேட் ஏற்கெனவே உள்ளே அழுதுகொண்டிருக்கும், அதற்கு 58. தாழ்வாரத்துக்கு வந்தால் அங்கே ஒரு கூட்டமே சுவரோரம் உட்கார்ந்திருக்கும். தேற்றம் பேசிய மகானும் அதில் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு வெள்ளைப் பலகை வரும், யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிப்பார்கள், அந்த 61 கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரண எண்ணாகிவிடும். எக்செல்லில் இதற்கு மார்க் போட்டிருந்தால் குவாடுக்குப் பத்துக்குப் பத்து. அதற்காகப் பிள்ளை திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுவருஷம் வளாகத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி வேலையில் சேர்ந்துவிடும். அந்த வேலை செய்பவர்கள் கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பது அமெரிக்க வழக்கம். கல் தடுக்காமல் பின்னோக்கி நடந்துகொண்டே, “ஹானர்ஸ் குவாடை விட்டால் வேறு விடுதியே கிடையாது, நான் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று” என்று அடித்துச் சொல்லும். பின்னால் வரும் புதுப் பிள்ளைகள் பயபக்தியோடு குறித்துக்கொள்ளும்.

கூட்டத்தில் யாராவது ஓர் அம்மா கேட்பார்: “இப்போது நீ எந்த அறையில் தங்கியிருக்கிறாய்?”

கேம்பஸுக்கு மேற்கே அபார்ட்மென்ட் பிடித்துப் போய் மாதக்கணக்காகிவிட்டது. பிள்ளை சட்டென்று முன்பக்கம் திரும்பி, வேகமாக நடக்க ஆரம்பிக்கும்.

“வாங்க, அடுத்து நூலகம் பார்க்கலாம்!”