உபயம்

எழுபதுகளில் தியாகராய நகரில் வளர்ந்தவர்களுக்குப் பூங்கா என்றால் காசே புழங்காத இடம். நுழையவும் காசு வேண்டாம். உள்ளே யாரும் காசு செலவழித்த அடையாளமும் இருக்காது. நடேசன் பூங்காவில் புல் முளைத்த இடத்தில் புல், மற்ற இடத்தில் நாங்கள். சாயங்காலமானால் ஒலிபெருக்கியில் செய்தி வாசிப்பார்கள். மாநகராட்சிக்கு அது பழைய பழக்கம். 1930-லேயே சொந்தமாக வானொலி தொடங்கி, பூங்காவுக்கும் கடற்கரைக்கும் பாட்டுப் போட்ட மாநகராட்சியாயிற்றே!

காக்கி டிராயர் போட்ட தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். மாநகராட்சிச் சம்பளம். கையில் ரப்பர் குழாய். ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருப்பார். அவருடைய சம்பளமும் அந்தக் குழாயும்தான், எனக்குத் தெரிந்தவரை, பூங்காவின் மொத்த பட்ஜெட். பூவில் கை வைத்தால், “யார் வூட்டுப் புள்ளடா நீ?” என்பார். விசாரணை இல்லை, வீட்டுக்கே வந்துவிடுவேன் என்ற மிரட்டல். வந்தும் இருக்கிறார்.

நடேசனாரும் பனகல் அரசரும், பேட்டைக்கே பெயரான தியாகராயரும் நீதிக்கட்சிக்காரர்கள். பூங்காவுக்குப் பெயரானவர்கள் யாரும் குரோட்டன்ஸுக்குப் பணம் கட்டவில்லை. செலவைச் சொத்து வரி பார்த்துக்கொண்டது. அரையாண்டுக்கு ஒருமுறை அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார்.

பழைய காலத்தில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. டிரெவெல்யன் கவர்னராக இருந்தபோது நூறு ஏக்கருக்கு மேல் போட்ட பீப்பிள்ஸ் பார்க்கைக் கடித்துக் கடித்துத் தின்றது இதே நகரம்தான். அதில் ஒரு கடி, மாநகராட்சி தனக்கே கட்டிக்கொண்ட ரிப்பன் மாளிகை. எல்லாப் பூங்காவின் கோப்பும் இன்றைக்கு அந்தக் கட்டடத்தில்தான் நகர்கிறது. அல்லது நகராமல் இருக்கிறது.

இப்போது பசுமைக்குப் பணம் வரும் வழிகள் பெருகிவிட்டன. 2013-இல் வந்த கம்பெனிச் சட்டம், நல்ல லாபம் பார்க்கும் நிறுவனங்கள் அதில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. சிக்னல் திட்டு, சென்டர் மீடியன், பாலத்துத் தூண் என்று ஆளுக்கொன்றைத் தத்தெடுக்கிறார்கள். எங்கள் சிக்னலில் இருப்பது நான்கு அரளி, அதைவிட உயரமாக ஒரு நகைக்கடைப் பலகை. கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பார்களே, அந்த மாதிரி. பலகைக்கு விளக்கு உண்டு.

தண்ணீர் ஊற்றுபவர் ஒப்பந்தக்காரரின் ஆள். மாதத்துக்கொரு முகம். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் டேங்கர் லாரி வந்து நின்றது. பச்சை ஜாக்கெட்டுக்கு மேல் மழைக்கோட்டுப் போட்ட பையன் இறங்கி, நனைந்து நிற்கும் செடிக்குச் சிரத்தையாகத் தண்ணீர் பீய்ச்சினான். “ஏம்பா, மழை பெய்யுதே?” என்றேன். “நடைக் கணக்கு சார். ஊத்துனாத்தான் பில்லு.” மழைக்கு யார் பில் போடுவார்கள்?

புதிதாகக் கட்டுவதற்குப் பஞ்சமே இல்லை. கதீட்ரல் சாலையில் 2024-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்கு 46 கோடி. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய் வைத்தார்கள். பேத்தி ஜிப்லைனில் அலறிக்கொண்டே பறந்தாள், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கட்டுவதற்குத்தான் திறப்பு விழா உண்டு. ரப்பர் குழாய் வாங்கினால் ரிப்பன் வெட்ட யார் வருவார்?

எங்கள் தெருவோரச் சின்னப் பூங்காவுக்கு அதனால் நடைப்பயிற்சிக்காரர்களே வசூல் செய்கிறோம். சொத்து வரி 2022-இல் ஏறியபோது, அப்பாவின் முணுமுணுப்பை அப்படியே நான் எடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் மேல், பேத்திக்கு வளையல் வாங்கியதும் அந்தப் பலகைக்காரரிடம்தான். பில்லில் சேதாரம் என்று போட்டிருந்த தொகையை என் மனைவி ராத்திரி முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நான்கு அரளியில் இரண்டு எங்களுடையது என்று முடிவாயிற்று. இப்போதெல்லாம் ஆட்டோ அந்தச் சிக்னலில் நின்றால் போதும், “நம்ம செடிக்கு இன்னிக்கும் தண்ணி ஊத்தல பாருங்க” என்கிறாள், டிரைவருக்கும் கேட்கிற மாதிரி.