பேச்சுலர் ஃப்ளாட்டில் ரவுட்டர்: முதல், கரு, உரி

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு ஆகிய மூன்று நிலப்பகுதிகளிலும் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் ஃப்ளாட்டில் எந்த ரவுட்டரை வாங்குவது என்ற வினாவை இதுவரை எந்த உரையாசிரியரும் தொட்டதில்லை. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. ஆண்டெனா பற்றி வாய் திறக்கவில்லை. இக்குறையை நீக்கும்பொருட்டு, நம் முன்னோர் அகப்பொருளுக்கு வகுத்த முறையிலேயே முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து இப்பொருளை ஆராய்வாம்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அந்தச் சுவரின் முன் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெட்டிப் பாம்பாய் அடங்கும். அங்கே 2.4-தான் கொஞ்சமாவது உள்ளே நுழையும். தி. நகரில் சிக்கல் நேர்மாறானது. இங்கே சுவர் மெலிது, கூட்டம் பெரிது. உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஏதாவது ஒரு தெருவில் நின்று போனைத் திறந்தால் வைஃபை பெயர்கள் வரிசைகட்டும். அவற்றுள் சில, என்றோ காலி செய்துகொண்டு போன மாப்பிள்ளைகளின் பெயர்கள். வருங்காலக் கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு உதவும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் உண்டு என்றாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே நேரத்தில் ஓடக்கூடியவை மூன்றே: 1, 6, 11. ஒரு தெருவே இந்த மூன்று லேனில் வண்டி ஓட்டுகிறது. ஆகவே தி. நகர்வாசிக்கு 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள டூயல் பேண்ட் ஆடம்பரம் அன்று, அத்தியாவசியம் என்க. அடையாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மேலே செல்க.

பொழுது? சிறுபொழுது இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை. ஒருவன் படம் பார்ப்பான், ஒருவன் அம்மாவோடு வீடியோ காலில் இருப்பான், டைடல் பார்க்கில் வேலை செய்பவன் அமெரிக்கக்காரனோடு மீட்டிங்கில் இருப்பான். பெரும்பொழுது மாதத்தின் 20-ஆம் தேதி. ஃப்ளாட்டில் ஒரு சி.ஏ. ஆர்ட்டிகல் பையன் இருந்தால், ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யும் அந்த இரவில் மற்ற மூவரும் நோன்பு இருக்கக் கடவர்.

இனிக் கருப்பொருள்: பீரோ, மைக்ரோவேவ், கிரைண்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தண்ணீர் கேன். இவற்றுள் ஸ்டீல் பீரோவே தலையாய பகை. இரும்பு, அலையைத் திருப்பி அடித்துவிடும். கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ என்றால் ரசப்பூச்சும் சேர்ந்து அடிக்கும். மைக்ரோவேவ் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால், எவனோ நேற்றைய பிரியாணியைச் சூடுபண்ணும்போது படம் நிற்பது உண்மையே. கிரைண்டர் ஓடினாலும் நெட் போகும் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. கிரைண்டர் மோட்டாருக்கு இந்த அலைவரிசையோடு சம்பந்தமே இல்லை. பின் ஏன் போகிறது எனின், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி வைத்திருப்பதால். கிரைண்டர் அதிர அதிர, லூசான பிளக் வெளியே வருகிறது.

ஆண்டெனாவின் எண்ணிக்கை குறித்து ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு மரபு வழங்குகிறது. “நாலு ஆண்டெனா இருக்கு சார், நாலு ரூமுக்கும் போகும்” என்பது அதன் மூல வாக்கியம். ஆண்டெனாவுக்கு ஓர் அறை என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் இக்கொள்கை நியாயமாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் பிழை. நெட்டுக்குத்தாக நிற்கும் ஆண்டெனாவிலிருந்து அலை மெதுவடை வடிவத்தில் பரவுகிறது. ஆண்டெனா, வடையின் ஓட்டையில் நிற்கிறது. ஆகவே நுனியைத் தன் கட்டிலைப் பார்த்து வளைத்து வைப்பவனுக்குக் கிடைப்பது ஓட்டை. அரசும் இதில் கறார். 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விலக்கு அளித்தபோதே, ஆண்டெனா தரும் பலத்தையும் சேர்த்து 4 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டிவிட்டது. பெட்டிக்கு எட்டுக் கால் முளைத்தாலும் வரம்பு அதுதான்.

பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் எண்ணுக்கும் பதவுரை தேவை. ஏசி1200 என்றிருந்தால் 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் முழுமையாக்கிய தொகை என்று கொள்க. போன்கள் பொதுவாக இரண்டையும் கூட்டி வாங்குவதில்லை. இதைவிடப் பெரிய சூழ்ச்சி பெட்டியின் பின்புறம் இருக்கிறது. ஏசி1200 என்று மார்தட்டும் விலைகுறைந்த மாடல்கள் பலவற்றில் ஒயர் சொருகும் போர்ட் 10/100 தான். மாதாமாதம் 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுவீர்கள். அந்த வாசல் வழியாக 95-க்குமேல் உள்ளே வராது. கஸ்டமர் கேரைத் திட்டுவீர்கள், அவர்கள் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள், அப்போதும் 95 தான். கடையில் ஸ்பீடு கேட்காதீர்கள், கலர் கேட்காதீர்கள். “போர்ட் எல்லாம் கிகாபிட்டா?” என்று மட்டும் கேளுங்கள். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் படித்தால், அவருக்கும் அது புதிய செய்தி.

உரிப்பொருள் ஊடல். ஊடலுக்குக் காரணம் ஸ்பீடு என்பது பாமரர் கருத்து. இடமே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. ரவுட்டர் எந்த அறையில் உட்காருகிறதோ அந்த அறைக்காரனே அந்த ஃப்ளாட்டின் அரசன். மற்றவர்கள் வரம்புக்கு வெளியே வாழும் குடிகள். அந்த இடத்தை முடிவு செய்வது பொறியியலும் அன்று, ஜனநாயகமும் அன்று. கனெக்ஷன் கொடுக்க லைன்மேன் பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறார். மூவர் ஆபீசில். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவன் லுங்கியை இறுக்கிக்கொண்டு கதவைத் திறக்கிறான்.

“எங்க சார் வைக்கணும்?”

“இங்கயே வச்சிருங்கண்ணா.”

ஜன்னல் ஓரத்தில் டிரில் போட்டு, ஃபைபரை உள்ளே இழுத்து, அவன் தலைமாட்டிலேயே பெட்டியை மாட்டிவிட்டு அவர் போகிறார். மாலையில் திரும்பும் மூவரும் இரண்டு வருட அக்ரிமென்ட் முழுக்க இதன் பலனை அனுபவிப்பர். அவன் தூங்கும்போது பச்சை விளக்கு கண்ணைக் குத்துகிறதென்று ஸ்விட்சை அணைப்பான். கதவும் தாழ் போட்டிருக்கும்.

கம்பியில்லாப் பண்டத்தைச் சென்னை பங்குபோட்டு அனுபவிப்பது இது முதல் முறை அன்று. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. மூன்றே ஆண்டில், 1927-இல், பணமில்லாமல் மூடியது. ஷேர் பணம் வசூலாகாத துயரம் இந்நகரில் அவ்வளவு தொன்மையானது. கிளப்பின் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சி கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஊரையே கேட்கவைத்தது. 1938-இல் அகில இந்திய வானொலியின் மெட்ராஸ் நிலையம் வரும்வரை அந்த ஏற்பாடு தாக்குப்பிடித்தது. ஒருவன் தலைமாட்டில் வைக்காமல் பொது இடத்தில் வைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் யூகம். வரலாற்றுப் பேராசிரியர்கள் ஏற்காவிட்டாலும் பாதகமில்லை.

ஆகவே தீர்ப்பு. முதலில், நெட் கம்பெனி தரும் பெட்டியே போதுமா என்று ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பல ஃப்ளாட்டுகளுக்கு அது போதும். போதாவிட்டால் கிகாபிட் போர்ட் உள்ள டூயல் பேண்ட் ஒன்று வாங்குங்கள். இடம் ஹால், தலைக்கு மேலான உயரம், பீரோவுக்கு எதிர்த்திசை. லைன்மேன் வரும் நாளில் நால்வரில் நியாயவான் யாரோ அவனை லீவு போடச் சொல்லுங்கள். ஹால்வரை ஃபைபர் இழுக்க அவர் அலுத்துக்கொள்வார், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கட்டும். ஷேர் பணத்தைப் பெட்டி பிரிக்கும் முன்பே வசூலியுங்கள், பிரித்தபின் ஒருவனும் தரமாட்டான். கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறதோ, காலி செய்யும்போது கம்பெனியின் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவனும் அவனே. அடாப்டரையும் சேர்த்துக் கேட்பார்கள்.