மலையைக் காக்கக் கிளம்பிய கார்கள்

சினிமா பார்த்து யார் திருந்தினார்கள் என்று கேட்பவர்கள் ஒரு சனிக்கிழமை போடிநாயக்கனூர் வந்து பார்க்கட்டும். 2018-இல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைத் தியேட்டரில் தவறவிட்டவர்கள் நாங்கள். பிறகு செல்போனில் பார்த்தோம், அழுதோம். அழுத கையோடு மலையைக் காக்கக் கிளம்பினோம், ஆளுக்கொரு காரில்.

போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கள் இயற்கைப் பற்று புகையாக மணந்தது. படத்தின் நாயகன் ரங்கசாமி ஏலக்காய் மூட்டையைச் சுமந்து நடந்தே மலையிறங்குவார். பாவம், அவருக்குக் கார் வாங்கத் தோன்றவில்லை.

உச்சியில் நின்று 'மலையைக் காப்போம்' என்று ரீல்ஸ் எடுத்தோம். ஒரே டேக்கில் சரியாக வராததால் ஒன்பது முறை காத்தோம். தொண்டை வறண்டது. காலியான தண்ணீர் பாட்டில்களை மலைக்கே காணிக்கையாக்கினோம். ஏலக்காய் கால் கிலோ வாங்கினோம். விவசாயி வாழ வேண்டுமே என்று கொஞ்சமாகத்தான் பேரம் பேசினோம்.

படத்தின் முடிவில், தன் கையைவிட்டுப் போன நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக நிற்பார் ரங்கசாமி. அதை நினைத்துக் கனத்த மனதோடு திரும்பும்போது, ஒரு பெரியவர் எங்கள் பாட்டில்களைச் சாக்கில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கோ பார்த்த முகம்போல் இருந்தது.

ஓரம் போகச் சொல்லி ஹாரன் அடித்தோம்.