கல்யாண வரவேற்பில் சோகப் பாட்டு: ஒரு பெருந்திணை ஆராய்ச்சி

மேடையில் மணமக்கள் நிற்கிறார்கள். மொய்க் கவர்களோடு வரிசை நகர்கிறது. ஓரத்தில் மெல்லிசைக் குழுப் பாடகர் ‘வசந்த மாளிகை’ சோகத்தை எடுக்க, கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கிறது. பெண்ணின் தாய்மாமா கண்ணை மூடிச் சொக்கிப்போகிறார். அவருக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், வீட்டுக்கடன், சர்க்கரை எல்லாம் உண்டு. காதல் தோல்வி மட்டும் கிடையாது. இல்லாத புண்ணை ஏன் இப்படிச் சொறிகிறார் என்பதே நம் ஆய்வுப் பொருள்.

வேரைத் தேடிப் போனால் பனைமரத்தில் முட்டுகிறோம். சங்கக் காதலனுக்கு மடலேறுதல் என்றொரு உபாயம் இருந்தது. பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர் சிரிக்கத் தெருவில் வருவது. பனங்கருக்கு ரம்பம்போல அறுக்கும். அதனால்தானோ என்னவோ, குறுந்தொகைத் தலைவர்கள் “ஏறிவிடுவேன்” என்று தோழியை மிரட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். பழிக்கு அஞ்சிப் பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள் என்பது கணக்கு. கலித்தொகையில் ஏறியே விட்ட ஒருவனுக்குக் கணக்குப் பலித்தும் இருக்கிறது. தொல்காப்பியர் விவரமானவர். ஏறுவேன் என்று சொல்வதைக் களவில் அனுமதித்தார். ஏறியவனைப் பொருந்தாக் காமமான பெருந்திணைக்குத் தள்ளிவிட்டார்.

சரத்சந்திரரின் வங்க நாவல் 1953இல் ‘தேவதாஸ்’ படமாகத் தமிழுக்கு வந்தது. நாகேஸ்வர ராவ் தள்ளாட, கண்டசாலா பாட, மடல் இருந்த இடத்தில் புட்டியும் எருக்கம்பூ இருந்த இடத்தில் தாடியும் ஏறின. போகட்டும். ஆனால் கோரிக்கை எங்கே? மடலேறியவன் பேரம் பேசினான். இவன் கடையைச் சாத்திவிட்டுப் பேசுகிறான். அவள் திரும்பி வந்து தொலைத்தால் சரணம் பாதியில் நின்றுவிடுமே என்ற கவலைகூட இவனுக்கு இருக்கலாம்.

அடுத்தது உடற்கூறு. ஈரல் கெட்டவன், நிற்க முடியாதவன், சாகக் கிடப்பவன். ஆனால் மூச்சு மட்டும் எங்கும் தவறாது. ‘வசந்த மாளிகை’யில் (1972) சிவாஜி உருக்குலைந்து நிற்கும்போதும் டி.எம்.எஸ். குரல் கணீரென்று மேலே போகிறது. விக்கலும் தாளத்தில்தான் விழுகிறது. அழிவு இத்தனை சுருதி சுத்தமாக இருந்தால் யாருக்குத்தான் அழியப் பிடிக்காது? தாய்மாமாவின் சொக்கலுக்குக் காரணம் இதுவே. நாலு நிமிஷம் அடுத்தவன் ஈரலில் குடித்துவிட்டு, சொந்த ஈரலோடு பந்திக்குப் போய்விடலாம். 2011 கடைசியில் வந்த ‘கொலவெறி’ அந்த நாலு நிமிஷத்தையும் சிரிப்பாக்கியது. தாடிக்குக்கூட அவசியமில்லாமல் போயிற்று.

பெண்கள் மடலேறக் கூடாது என்பதும் தொல்காப்பிய விதி. பெண் குரலில் பாடிய திருமங்கையாழ்வார், தென்னாட்டு வழக்கம் வேண்டாம், வடநெறியே போதும் என்று பெரிய திருமடலில் அதைத் தாண்டிக் குதித்தார். சினிமாவுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அதே தோல்விதான் தேவதாஸின் காதலி பார்வதிக்கும். அவளுக்குக் கிடைத்ததோ வயதான ஜமீன்தாரும், வளர்ந்த பிள்ளைகளும், ஒரு பெரிய வீட்டின் நிர்வாகமும்.